கறுத்த பழம்

என் தந்தையார் வாழைப்பழ வியாபாரி. ஆயினும், சிறுவயதில் நல்ல வாழைப்பழம் ஒன்றை நாங்கள் வீட்டில் தின்றதாக எனக்கு நினைவில்லை. இதைச் சொன்னால் கேட்பவர்கள் நம்புவதில்லை. நல்ல பழம் கடைக்குரியது. விலைபோகாமல் எஞ்சியதே வீட்டுக்குரியது. அப்பாவின் வாணிபத்தில் எழுதப்படாத சட்டம் அது.

1960-களில் தக்கலைச் சந்தைக்கு அருகே, சாலையோரத்தில், நான்கு கம்புகளின்மேல் பனையோலை வேய்ந்த சிறு கடை ஒன்று அவருக்கு இருந்தது. குறுக்குக் கம்பில் மட்டியும் பாளையங்கோட்டானும் ரசகதலியும் செந்துளுவனும் குலைகுலையாகத் தொங்கும். ஏத்தன் குலை மட்டும், கல்யாண வீட்டுக்கு வந்த பெரிய மனிதரைப்போல, சற்றே ஒதுங்கித் தனியாகத் தொங்கும். மாலை மங்கிச் சாலையில் ஆள் நடமாட்டம் குறைந்ததும், அன்று யாரும் தொடாத பழங்களைப் பனையோலைக் கடவத்தில் இட்டு, தலையில் சுமந்துகொண்டு அப்பா வீடு வருவார். அவர் முற்றத்தில் காலெடுத்து வைக்குமுன்பே அந்த மணம் வந்துவிடும். பழுத்து, பழுத்ததற்கு அப்பாலும் சென்றுவிட்ட வாழையின் மணம். தேனும் கள்ளும் ஈரச் சாக்கும் கலந்தாற்போன்ற ஒரு மணம். எங்கள் உடைகளிலும், பாயிலும், பாடப்புத்தகங்களிலும் அது ஏறியிருந்தது.

எங்கள் வீடு பத்மநாபபுரம் புத்தனாற்றுக் கால்வாயின் கரையோரம் இருந்தது. குளிப்பதும், துணி துவைப்பதும், பாத்திரம் விளக்குவதும் அக்கால்வாயில்தான். வீட்டிலிருந்து கரை வழியே நீரோட்டத்துக்கு எதிராக நடந்து, ஒரு சிறு பாலத்தைக் கடந்தால் என் பள்ளிக்கூடம்.

குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழை என்று பாடநூல்களில் பெருமையாக எழுதியிருப்பார்கள். நானும் ஆசிரியையான பிறகு பல்லாண்டுகள் அதைப் பெருமையாகவே கற்பித்திருக்கிறேன். ஆனால் பழக்கடைக்காரன் வீட்டில் அதற்கு இரண்டு பருவ நட்டம் என்று பொருள். இடவப்பாதி மழை பிடித்துவிட்டால் ஒரு வாரத்துக்குச் சந்தையில் ஈ ஆடாது. பழமோ மழை நிற்கும்வரை பொறுத்திருப்பதில்லை. ஊர்த் திருவிழாவை நம்பிப் பத்துக் குலைகளைக் கடனுக்கு வாங்கிப் பழுக்க வைத்திருப்பார். கொடியேற்றத்தன்று தொடங்கும் மழை சப்பரம் சுற்றும் நாள்வரை நீடிக்கும். அத்தகைய நாள்களில் ஒரு கடவமன்று, மூன்று கடவம் பழம் வீட்டுத் திண்ணையில் வந்திறங்கும். அப்பா பேசாமல் போய்க் கிணற்றடியில் கால் கழுவுவார். அம்மா அரிக்கன் விளக்கைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்கு வருவாள்.

அவள் அந்தப் பழங்களைத் தரம் பிரிப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஒவ்வொன்றாக எடுத்து, காம்பின் அடியைப் பார்ப்பாள், விரலால் மெல்ல அழுத்துவாள், மூக்கருகே கொண்டு செல்வாள். மூன்று குவியல்கள். தோல் எவ்வளவு கறுத்திருந்தாலும், வெடிக்காமல், காம்படியில் பூஞ்சணம் இல்லாமல், இனிய மணத்தோடு இருந்தால் அது அடுக்களைக்கு. நீர் கசிந்து கள்வாடை அடித்தால் அது மாட்டுத் தொட்டிக்கு. வெள்ளையாகவோ பச்சையாகவோ பூஞ்சணம் பூத்திருந்தால், அந்த இடத்தை மட்டும் நறுக்கிவிட்டு மீதியை வைத்துக்கொள்வோம் என்ற ஆசைக்கே இடங்கொடாமல், முழுப் பழத்தையும் எருக்குழிக்கு எறிந்துவிடுவாள். "கறுப்பு வேற, கேடு வேற" என்பாள். பள்ளிக்கூடத்தின் நான்காம் வகுப்புவரை எட்டிப்பார்த்தவள் அவள். அவளுடைய அந்த நான்கு சொற்களில் இருந்த அறிவியலை நான் கல்லூரியில் பயின்றுதான் விளங்கிக்கொண்டேன்.

வாழைக்காயின் சதையில் ஏறத்தாழ 20 விழுக்காடு மாச்சத்து. அது பழுக்கப் பழுக்க நொதிகளால் சிதைந்து சர்க்கரையாகிறது. நன்கு கனிந்த பழத்தில் மாச்சத்து ஒன்றிரண்டு விழுக்காடே எஞ்சும். துவர்ப்பு அடங்குகிறது, சதை நெகிழ்கிறது, மணம் எழுகிறது. தோல் கறுப்பதற்கு வேறொரு காரணம் உண்டு. நறுக்கிய கத்தரிக்காய் கறுப்பதும், கிள்ளிய தேயிலை கறுப்பதும் எதனாலோ, அதனாலேயே வாழைத்தோலும் கறுக்கிறது. காற்றில் உள்ள உயிர்வளியும் தோலில் உள்ள வேதிப்பொருள்களும் ஒரு நொதியின் துணையோடு கூடுகின்றன, அவ்வளவே. தோலின் கறுப்பு சதையின் கேட்டுக்குச் சான்றாகாது. மேலும், பழுக்கும் வாழை எத்திலீன் என்னும் வாயுவை வெளிவிடுகிறது. அது பக்கத்திலிருக்கும் காயையும் விரைந்து பழுக்கச் செய்யும். கனிந்த பழத்தைச் சீப்பிலிருந்து உடனே பிய்த்து அம்மா தனியே வைத்ததன் காரணம் இதுவே. ஒன்றை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன்: குளிர்பெட்டியில் வைத்ததால் கறுத்த பழத்தைக் கனிந்த பழம் என்று எண்ணி ஏமாறாதீர்கள். 13 பாகைக்குக் கீழே குளிர்ந்தால் வாழைத்தோல் கன்றிக் கறுத்துவிடும். உள்ளே சதையோ பழுக்காமல் அப்படியே நின்றிருக்கும். அந்தக் கறுப்பு அம்மாவுக்குத் தெரியாத கறுப்பு.

இனி அடுக்களைக்கு வருவோம். எல்லாக் கறுத்த பழமும் ஒன்றல்ல. ரசகதலி கனிந்தால் தோல் வெடித்துக் காம்பை விட்டு உதிரும். அதை அன்றே தீர்த்துவிட வேண்டும். மசித்து, கோதுமை மாவும், ஒரு சிட்டிகை உப்பும், சிறிது தேங்காய்த் துருவலும் சேர்த்துத் தோசையாக வார்ப்பாள். மாவு கெட்டியாக இருக்க வேண்டும். தீ சன்னமாக இருக்க வேண்டும். பழத்தின் சர்க்கரை கல்லில் விரைவாகக் கரியும். மட்டிக்கு அடுப்பே வேண்டாம். புட்டுக் குழலிலிருந்து ஆவியோடு விழும் அரிசிப்புட்டின்மேல் கனிந்த மட்டியை உரித்துப் போட்டு, சூடு ஆறுமுன் பிசைந்துவிட வேண்டும். அந்த மணத்துக்கு ஈடு இல்லை. எங்கள் மட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியை நாளிதழில் படித்தபோது, அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எண்ணிப் பார்த்தேன். "குலைக்கு நாலு காசு கூடுமா?" என்று கேட்டிருப்பார். செந்துளுவனைச் சமைப்பது வீண்வேலை என்பது என் கருத்து. அது அரிதாகத்தான் எஞ்சும். எஞ்சினால் அப்படியே தின்றுவிட வேண்டும்.

ஏத்தன்பழம்தான் அடுக்களையின் அரசன். மற்றப் பழங்கள் குழைந்துவிடும் நிலையிலும், தோல் முற்றிலும் கறுத்த ஏத்தனின் சதை கட்டுவிடாமல் நிற்கும். மஞ்சள் நிறத் தோலுடைய ஏத்தனில் செய்த பழம்பொரியைத் தின்பவர்கள் பழம்பொரியைத் தின்னவில்லை என்பேன். தோலில் பாதிக்குமேல் கறுப்பு படர்ந்திருக்க வேண்டும். நீளவாக்கில் சீவி, மைதாவும் சிறிது அரிசி மாவும் மஞ்சளும் கலந்த மாவில் தோய்த்துத் தேங்காயெண்ணெயில் பொரித்தால், வெளியே மொறுமொறுப்பும் உள்ளே பாகும் ஒன்றாக வாயில் சேரும்.

அதே ஏத்தனில் புளிசேரி வைக்கலாம் என்பதைப் பலர் அறியார். பழத்தைத் துண்டுகளாக்கி மஞ்சளும் மிளகாய்ப் பொடியும் உப்பும் சேர்த்து வேகவைத்து, தேங்காயும் சீரகமும் பச்சைமிளகாயும் அரைத்து ஊற்றி, அது கொதித்தபின் தீயைத் தணித்து, கடைந்த புளித்தயிரைச் சேர்க்க வேண்டும். தயிர் ஊற்றியபின் கொதித்தால் திரிந்துவிடும்; நுரை கூடும்போதே இறக்க வேண்டும். கடுகும் வெந்தயமும் வற்றல்மிளகாயும் கறிவேப்பிலையும் தாளிக்க வேண்டும். இனிப்பும் புளிப்பும் எரிப்பும் ஒரே கவளத்தில் வரும்போது, இது கழிக்கவிருந்த பழம் என்று யாருக்கும் தோன்றாது.

மூன்று கடவம் வந்திறங்கும் மழைநாள்களில் மட்டும் அம்மா உருளியை இறக்குவாள். ஏத்தனை ஆவியில் வேகவைத்து, நடுவிலுள்ள கறுத்த நாரை நீக்கி மசித்து, இரண்டு பங்கு பழத்துக்கு ஒரு பங்கு வெல்லம் என்ற கணக்கில் பாகு சேர்த்து வரட்டுவாள். நெய் கிடைத்தால் நெய், இல்லையேல் தேங்காயெண்ணெய். கைவிடாமல் கிளற வேண்டும். காவி நிறம் தவிட்டு நிறமாகி, தவிட்டு நிறம் கருஞ்சிவப்பாகி, உருளியில் ஒட்டாமல் சுருண்டு வரும்வரை ஏறக்குறைய இரண்டு மணி நேரம். சுக்கும் ஏலமும் கடைசியில். இது பரணியில் மாதக்கணக்கில் இருக்கும். நீர் வற்றிச் சர்க்கரை செறிந்த இடத்தில் நுண்ணுயிர்கள் வாழ முடிவதில்லை. பழனிப் பஞ்சாமிர்தம் நாள்பட நிற்பதற்கும் இதுவே காரணம்: விருப்பாட்சிப் பழத்தோடு சர்க்கரையும் தேனும் நெய்யும் சேர்கின்றன, தண்ணீர் சேர்வதில்லை. அம்மாவின் வரட்டிய பழத்தில் இரு கரண்டி எடுத்துத் தேங்காய்ப்பாலில் கரைத்தால் எந்த மாதத்திலும் பாயசம்.

பாளையங்கோட்டான்தான் எங்களுக்கு அதிகம் எஞ்சியது. அதில் தெரளியப்பம் செய்வாள். வறுத்த அரிசி மாவும், கருப்பட்டிப் பொடியும், தேங்காய்த் துருவலும், ஏலமும், சீரகமும், கனிந்த பழமும் சேர்த்துப் பிசைவாள். தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டா. பழத்தின் ஈரமே போதும். தெரளி இலையைக் கும்பாவாகச் சுருட்டி, மாவை நிறைத்து, ஈர்க்கால் குத்தி ஆவியில் வைத்தால், இலையின் இலவங்க மணம் அப்பத்துக்குள் இறங்கிவிடும்.

ஆனால் நான் சொல்லவந்தது உண்ணியப்பத்தைப் பற்றி.

முறைப்படி செய்தால் உண்ணியப்பம் எளிய பலகாரம். ஊறவைத்த பச்சரிசியை இடித்துச் சலித்த ஈரமாவு ஒரு நாழிக்குப் பாளையங்கோட்டான் இரண்டு; சிறியதாயின் மூன்று. வெல்லப்பாகு, ஏலம், சுக்கு, எள், நெய்யில் வறுத்த தேங்காய்ப் பல். ஒரு சிட்டிகை சோடா உப்பு. பழத்தில் இலேசான புளிப்பு உண்டு. அது சோடா உப்போடு கூடினால் வளி எழும்பி மாவு உப்பும். குழிச்சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் ஊற்றித் திருப்பினால் பொன்னும் தவிடும் கலந்த நிறத்தில் பந்துபோல் எழும். பழம் அளவுக்கு மிஞ்சினால் அப்பம் எண்ணெய் குடிக்கும், குழியில் ஒட்டும், வெளியே கரிந்து உள்ளே பிசுபிசுக்கும்.

எங்கள் வீட்டில் பழம் எப்போதும் அளவுக்கு மிஞ்சியிருந்தது. மிஞ்சாதது அரிசி. 1960-களின் நடுவில் நாடெங்கும் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்த காலத்தை என் வயதினர் மறந்திருக்க மாட்டார்கள். நியாயவிலைக் கடையில் கிடைக்கும் அரிசி கஞ்சிக்கே போதாது. ஆகவே அம்மா அரிசி மாவுக்குப் பதில், உலர்த்தி இடித்த மரச்சீனி மாவை எடுத்தாள். வெல்லம் வாங்கக் காசில்லாத நாளில், இன்னும் இரண்டு பழத்தைச் சேர்த்தாள். அப்படிப் பிறந்த அப்பம் கன்னங்கரேலென்று இருந்தது. கடித்தால் இழுபடும். அதில் நான்கை வாழையிலையில் பொதிந்து, வாழைநாரால் கட்டி, என் மதிய உணவாகக் கொடுத்தனுப்புவாள். அந்த நாரை அவள் கட்டும் விதமே தனி. இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு கண்ணி விட்டு, நுனியை உள்ளே மடக்கிவிடுவாள். இழுத்தால் ஒரே இழுப்பில் அவிழும். இழுக்காவிட்டால் ஆற்றில் போட்டாலும் அவிழாது.

ஆறாம் வகுப்பில் என் பக்கத்தில் அமர்ந்தவர்கள் வெள்ளை வெளேரென்ற இடியப்பமும், தேங்காய்ச் சோறும் கொண்டுவந்தார்கள். எல்லோரும் அல்லர், இப்போது எண்ணிப் பார்த்தால் நான்கைந்து பேர்தாம். ஆனால் பன்னிரண்டு வயதில் உலகம் என்பது அந்த நான்கைந்து பேர்தாமே. ஒருநாள் ஒருத்தி என் பொதியை எட்டிப்பார்த்து, "இது என்ன, ஆட்டுக்கு வச்சதா?" என்றாள். வகுப்பு சிரித்தது. அன்றுமுதல் எனக்குப் "பழக்கடவம்" என்று பெயர்.

மறுநாள் காலை பள்ளிக்குச் செல்லும் வழியில், பாலத்தின்மேல் நின்று, முன்னும் பின்னும் பார்த்துவிட்டுப் பொதியைக் கால்வாயில் போட்டேன். அது மூழ்கவில்லை. நிமிர்ந்து மிதந்து, பாலத்தினடியில் புகுந்து போயிற்று. அன்று மதியம் குழாய்த் தண்ணீரைக் குடித்துவிட்டு வேப்பமரத்தடியில் அமர்ந்திருந்தேன். மாலையில் அம்மா கேட்டாள், அப்பம் எப்படி இருந்தது என்று. நன்றாக இருந்தது என்று சொல்லியிருக்கலாம். அதோடு நின்றிருக்கலாம். பொய் சொல்பவர்களுக்கு உரிய தேவையற்ற உற்சாகத்தோடு, "கூட்டுக்காரிகள் எல்லாரும் பிய்ச்சுத் தின்னுட்டாங்க, எனக்குக்கூட மிச்சமில்லை" என்றேன். அம்மா என்னைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாளும் போட்டேன். அதற்கடுத்த நாளும். நான்காம் நாள் பொதி கனத்தது. எட்டு அப்பம். "கூட்டுக்காரிகளுக்கும் சேத்து" என்றாள் அம்மா. எட்டையும் கால்வாயில் போட்டேன். எத்தனை நாள் அப்படிச் செய்தேன் என்று கணக்கில்லை. பத்து நாளுக்குக் குறையாது.

ஒருநாள் பாலத்தின்மேல் நான் கையை நீட்டும்போது பின்னாலிருந்து ஒரு குரல்: "போடாதே. எனக்குத் தா." என் வகுப்புத்தான், கடைசி வரிசை, மதிய மணியடித்தால் எங்கோ காணாமல் போய்விடுபவள். அவள் எங்கே போகிறாள் என்று நான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. கொண்டுவர எதுவும் இல்லாதவர்கள் மதிய வேளையில் மறைந்துபோவார்கள் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. அவள் பொதியை வாங்கி, நாரின் நுனியைத் தேடிப்பிடித்து இழுத்தாள். அங்கேயே நின்று இரண்டு தின்றாள். பிறகு ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினாள். என் வீட்டு அப்பத்தை எனக்கு உபசரித்தாள். அதைத் தின்னாமல் இருக்க என்னால் முடியவில்லை. அன்றிலிருந்து பள்ளி இறுதி வகுப்புவரை அந்தப் பொதியை நாங்கள் இருவரும் பகிர்ந்தோம். எட்டு என்பது ஒருநாளும் நான்காகவில்லை.

அம்மாவிடம் இதை நான் சொல்லவில்லை. பொய் மெய்யாகிவிட்டதே, இனிச் சொல்வானேன் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் எங்கள் மாவட்டத்தை அடித்தது. கடலுக்குச் சென்றவர்கள் திரும்பாத வீடுகளின் அழுகை கடற்கரை ஊர்களில் ஓயாதிருந்த நாள்களில், உள்நாட்டில் வாழை சாய்ந்ததைப் பற்றிப் பேசவே எங்களுக்கு நாணமாக இருந்தது. ஆயினும் வாழை சாய்ந்திருந்தது. தோட்டந்தோட்டமாக, வரிசை குலையாமல், ஒரே திசையில். முற்றாத காய் பழுக்கவில்லை, கூம்பி வாடியது. முற்றும் பருவத்தில் இருந்தவை அனைத்தும் ஒரே வாரத்தில் பழுத்து, வாங்க ஆளின்றிக் கறுத்தன. மின்சாரம் பல நாள்கள் இல்லை. எங்கள் வீட்டுப் புறக்கடையில் மட்டும் ஆறு ஏத்தன் குலைகள். அப்பா மறைந்து வெகுகாலம் ஆகியிருந்தது. எண்பத்தைந்து வயது அம்மா திண்ணையில் அமர்ந்து, "உருளியை இறக்கு" என்றாள்.

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நாங்கள் இருவரும் பழம் உரித்தோம். அவளுக்குக் கண் மங்கியிருந்தது. ஆனாலும் காம்படியைத் தடவி, அழுத்தி, முகர்ந்து, மூன்று குவியல் போட்டாள். பொழுது போகாத இருட்டு; பேச்சு பழைய கடைக்கும் கடவத்துக்கும் போயிற்று. ஐம்பது ஆண்டுகளாகத் தொண்டைக்குள் கிடந்ததை நான் சொல்லிவிட்டேன். பாலத்தின்மேல் நின்று பொதியை எறிந்ததை, கூட்டுக்காரிகள் தின்றதாகச் சொன்னதை.

அம்மா உரிப்பதை நிறுத்தவில்லை. "தெரியும் மக்களே" என்றாள்.

எப்படித் தெரியும் என்றேன்.

"பத்து மணிக்கு நான் கால்வாயில துணி அலசிட்டுல்லா இருப்பேன். பொதி மிதந்து வந்துது. நான் கட்டுன கட்டு எனக்குத் தெரியாதா?"

அன்றே எடுத்துப் பார்த்திருக்கிறாள். அவிழ்க்காத கட்டு. இலைக்குள் தண்ணீர்கூடப் புகவில்லையாம். வீட்டுக்குக் கொண்டுபோய் மதியம் அவளும் என் தம்பியும் தின்றார்களாம். பின் ஏன் இரட்டித்துக் கொடுத்தாய் என்று கேட்டேன். கேட்கும்போது என் குரல் எனக்கே பன்னிரண்டு வயதுப் பெண்ணின் குரலாகக் கேட்டது.

"கூட்டுக்காரிகளுக்குக் குடுத்தேன்னு நீ சொன்னேல்லா? சொன்ன சொல்லு நல்ல சொல்லு. அது பொய்யாப் போவக்கூடாதுன்னு நெனச்சேன். வயிறு காயிற பிள்ளை ஒண்ணாவது அந்த வகுப்புல இருக்காமலா போவும்?" என்றாள். சற்றுப் பொறுத்து, "ஒருநாள் பொதி வரல்ல. ஆரோ ஒருத்தி கிடைச்சுட்டான்னு எனக்கு அண்ணைக்கே தெரியும்" என்றாள். பிறகு, "அந்தக் கள்ளு மணக்குற பழத்த இதுல போட்டுராத, தனியா வை" என்றாள்.

அந்த வரட்டிய பழம் எட்டு மாதம் இருந்தது. அடுத்த ஆண்டு, பரணியின் அடியில் சிறிது எஞ்சியிருக்கும்போதே அம்மா போய்விட்டாள்.

2020-இல் ஊரடங்கின்போது பெங்களூரில் இருக்கும் என் தம்பி மகள் தொலைபேசியில் அழைத்து, "அத்தை, பனானா பிரெட் செய்திருக்கேன், கறுத்த பழம்தான் நல்லா வருமாம், தெரியுமா?" என்றாள். அந்த ஆண்டு உலகெங்கும் வீட்டில் அடைபட்டவர்கள் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். அமெரிக்கர்கள் 1930-களின் வறுமைக் காலத்தில் வீணாகும் வாழைப்பழத்தை மாவோடும் சோடா உப்போடும் கூட்டிச் சுட்டுப் பழகிய ரொட்டி அது. தெரியும் மக்களே என்றேன். அவளிடமிருந்து செய்முறையைக் கேட்டு நானும் ஒருமுறை செய்தேன். வெண்ணெய்க்குப் பதில் தேங்காயெண்ணெய், சீனிக்குப் பதில் கருப்பட்டி. நன்றாகவே வந்தது. என்றாலும் அது ரொட்டிதான், அப்பம் அன்று.

எனக்கு இப்போது சர்க்கரை நோய். மாச்சத்து முழுதும் சர்க்கரையாகிவிட்ட கறுத்த பழம் எனக்கு விலக்கு. சமைப்பேன், ஒரு விள்ளல் சுவை பார்ப்பேன், மற்றதெல்லாம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு. பழம் கனிந்து கறுப்பதைப் பார்த்துக்கொண்டு, இன்னும் ஒருநாள் பொறுக்கலாமா என்று மூக்கருகே கொண்டுசெல்லும்போது, என் கை அம்மாவின் கைபோலவே வளைவதை நானே பார்த்திருக்கிறேன்.

கடைசி வரிசைத் தோழி வெளிமாநிலத்தில் செவிலியாகப் பணியாற்றி ஓய்வுபெற்று, இப்போது மகனோடு திருவனந்தபுரத்தில் இருக்கிறாள். சென்ற இடவப்பாதியில் என்னைப் பார்க்க வந்திருந்தாள். வருகிறாள் என்று தெரிந்து, நல்ல பச்சரிசி இடித்து, வெல்லம் காய்ச்சி, நெய்யில் தேங்காய்ப் பல் வறுத்து, முறைப்படி உண்ணியப்பம் சுட்டு வைத்திருந்தேன். ஒன்றைத் தின்றாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது அது இல்லையே" என்றாள்.

மரச்சீனி மாவு வாங்கிவர ஆளனுப்பினேன். பழத்தைக் கணக்கில்லாமல் போட்டேன். வெல்லத்தை நிறுத்தினேன். அப்பம் குழியில் ஒட்டியது, எண்ணெய் குடித்தது, கன்னங்கரேலென்று வந்தது. அவள் அடுக்களை வாசலிலேயே நின்று நான்கு தின்றாள். ஐந்தாவதை என்னிடம் நீட்டினாள். மருத்துவர் சொன்னதை அவளிடம் சொன்னேன். "பாதி" என்று பிய்த்துக் கொடுத்தாள். தின்றேன்.

மீதியை இலையில் பொதிந்து, பேருந்துக்குக் கொடுத்தனுப்ப வாழைநாரால் கட்டினேன். இரண்டு சுற்றுச் சுற்றியபின் கண்ணி எந்தப் பக்கம் விடுவது என்று தடுமாறினேன். அவள் என் கையிலிருந்து பொதியை வாங்கி, நாரை அவிழ்த்து, மீண்டும் சுற்றி, கண்ணி விட்டு, நுனியை உள்ளே மடக்கினாள்.

"தினமும் அவிழ்த்தவள் நான்தானே" என்றாள்.